மார்த் கோத்தியேயின் வழுக்கிகள்

பரிஸில் நான் வேலை செய்யும் றெஸ்ரோறண்டின் குசினி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு இறங்கினால் முதல் வேலை வெங்காயம் உரிப்பது. பன்னிரண்டு வருடங்களாக உரித்துக்கொண்டிருக்கிறேன். கண் எரிவதெல்லாம் முதல் மூன்று மாதத்தோடு நின்றுபோனது. சிலவேளைகளில் சாக்கின் அடியில் ஈரம் பட்டு வேர்விட்ட வெங்காயம் ஒன்று அகப்படும். வெள்ளை நூல் போன்ற அந்த வேர்களைப் பார்த்தபடி நான் நின்றுவிடுவதுண்டு. "என்ன தம்பி, வெங்காயத்தோட கதைக்கிறியோ?" என்று கோப்பை கழுவுகிற அண்ணை கேட்பார். நான் சிரித்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்குவேன்.

வெங்காய வேர்நுனியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இதே பரிஸ் நகரத்தில் உழைத்து, 2022 ஏப்ரல் 30 ஆம் திகதி தனது தொண்ணூற்றாறாவது வயதில் காலமான ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்லவேண்டும். அவரது பெயரை நான் முதன்முதலாகக் கண்டது, வாடிக்கையாளர் ஒருவர் மேசையில் விட்டுச்சென்ற பத்திரிகையின் மரணக் குறிப்பொன்றில். பெயர் மார்த் கோத்தியே. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவன் என்றாலும் உயிரியல் படித்தவன் நான். 'டவுன் நோய்க்குறிக்குக் காரணம் கூடுதலான ஒரு நிறமூர்த்தம், கண்டுபிடித்தவர் லெஜேன், ஆண்டு 1959' என்று ஏ.எல். வகுப்பில் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் வாங்கியவன். எங்கள் கொப்பியில் கோத்தியே என்றொரு பெயர் இருக்கவேயில்லை.

மனிதக் கலமொன்றில் எத்தனை நிறமூர்த்தங்கள் இருக்கின்றன என்ற எளிய கேள்விக்கே 1956 வரை சரியான விடை இருக்கவில்லை. நீண்டகாலமாக 48 என்றே புத்தகங்கள் சொல்லிவந்தன. சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோவும் அல்பேர்ட் லெவானும் எண்ணிப் பார்த்து, அது 46 என்று 1956 இல் வெளியிட்டார்கள். சியோ ஜாவாவில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானியரின் முகாமில் அடைபட்டுக் கிடந்து, யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவுக்கு வந்தவர். ஆய்வுகூடத் தலைவரின் பெயரைக் கட்டுரையில் முதலாவதாகப் போடுவது அன்றைய வழக்கம். சியோ அதற்கு இணங்கவில்லை; அவரது பெயரே முதலில் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். தன் பெயருக்காக நின்று பிடிக்க ஒருவருக்குச் சில வசதிகள் வேண்டும். எல்லோருக்கும் அவை கிடைப்பதில்லை.

1866 இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த அந்த நோய்க்குறியை, அக்காலத்தில் 'மொங்கோலிசம்' என்று ஓர் இனத்தின் பெயரால் அழைத்தார்கள். காரணம் தெரியாத இடத்தில் பழி முளைப்பது இயல்பு. பெற்றோரின் குடி, மேகநோய், பரம்பரைச் சீரழிவு என்று பலதும் சொல்லப்பட்டன. இப்படிப்பட்ட பழி கடைசியில் யார் தலையில் வந்து விடிகிறது என்பதை எங்கள் ஊர்த் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பரிஸின் துரூசோ மருத்துவமனையில் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் றேமோன் துர்ப்பன், கோளாறு நிறமூர்த்தங்களில் இருக்கலாம் என்று 1930களிலேயே ஊகித்திருந்தார். ஆனால் எண்ணிப் பார்க்க வழி இருக்கவில்லை. 1956 இல் வந்த செய்தி அந்த வழியைத் திறந்தது. மனிதக் கலங்களை உடலுக்கு வெளியே வளர்க்கத் தெரிந்த ஒருவர் மட்டுமே தேவைப்பட்டார்.

மார்த் கோத்தியே 1925 இல் சென்-எ-மார்ன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தமக்கை போலெத் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பின்பற்றி 1942 இல் மார்த்தும் பரிஸுக்கு வந்தார். இந்தத் துறையில் ஒரு பெண் நிலைக்கவேண்டுமானால் ஆண்களைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரியாக இருக்கவேண்டும் என்பது தமக்கை கொடுத்த புத்திமதி. 1944 இல் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்த ஜேர்மன் படையினரால் போலெத் கொல்லப்பட்டார். தங்கை படிப்பைத் தொடர்ந்தார். சிறுவர் இருதய நோய் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்தார். பிரெஞ்சுச் சிறுவர் மருத்துவத்தின் பெரிய மனிதராக இருந்த பேராசிரியர் றொபேர் டெப்றேயின் முயற்சியால், 1955 இல் ஒரு வருடப் புலமைப்பரிசிலோடு அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார்.

போனது இருதயம் படிக்க. ஆனால் பொஸ்ரனில் அவருக்கு இன்னொரு பகுதிநேர வேலையும் கொடுக்கப்பட்டது. பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன ஒரு பெண் உதவியாளரின் இடத்தில் நின்று ஆய்வுகூடத்தில் கலங்களை வளர்ப்பது! டொக்டர் பட்டம் பெற்றவர், ஒரு தொழில்நுட்ப உதவியாளரின் வேலையைக் கௌரவம் பார்க்காமல் கற்றுக்கொண்டார். பின்னால் நடந்ததெல்லாம் இந்தச் சின்ன வேலையிலிருந்துதான் நடந்தது. இங்கே குசினிகளில் நிற்கும் எம்மவர்களுக்கு இது புதுமையாக இராது. படித்தது ஒன்று, கையில் ஏறியது இன்னொன்று.

1956 இல் திரும்பி வந்தபோது அவர் எதிர்பார்த்திருந்த இருதயநோய்ப் பிரிவுப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. கிடைத்தது துரூசோவில் துர்ப்பனின் பகுதி. கலவளர்ப்புத் தெரிந்தவர் இங்கே யாருமில்லை என்று பேராசிரியர் குறைப்பட்டபோது, இடம் தந்தால் தானே செய்வதாக கோத்தியே சொன்னார். பாவனையில் இல்லாத ஓர் அறையைக் கொடுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி ஒன்று, மையநீக்கி ஒன்று, தரங்குறைந்த நுணுக்குக்காட்டி ஒன்று. ஆய்வுக்கென்று பணம் இல்லை. கண்ணாடிக் குடுவைகளைத் தானே கடன்பட்டு வாங்கினார். கலங்கள் வளர்வதற்குக் கோழிக்கருச் சாறு வேண்டும்; கருக்கட்டிய முட்டைகளை எடுத்துவந்து தானே பிழிந்தார். குருதித் திரவவிழையம் வேண்டும். ஒரு சேவலை வளர்த்து அதன் இரத்தத்தை எடுத்தார். மனித நீர்ப்பாயம் வேண்டும். தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்தார். இவை எல்லாம் பகட்டுக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. விலைகொடுத்து வாங்கக் காசில்லாத ஒருவர் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

வேறு காரணத்துக்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகளின் இழையத்துண்டுகளை முதலில் வளர்த்தார். கலங்கள் பிரியும் தருணத்தில் அவற்றை உப்புக் குறைந்த திரவத்தில் ஊதச் செய்து, நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் வழுக்கியிலே பரவவிட்டு, சாயமூட்டி எண்ணினார். 46. திரும்பத் திரும்ப எண்ணினாலும் 46. தன் முறை சரியானது என்ற உறுதி வந்தபிறகுதான் டவுன் நோய்க்குறி உள்ள ஒரு பிள்ளையின் இழையத்தை எடுத்துக்கொண்டார். 1958 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விடை கண்முன்னே கிடந்தது. 47. சிறிய நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருந்தது.

அவருடைய நுணுக்குக்காட்டியில் படம் எடுக்க வசதி இல்லை. துர்ப்பனின் மாணவரும் தேசிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவருமான ஜெரோம் லெஜேன், அப்போது அந்த அறைக்கு அடிக்கடி வந்துபோகத் தொடங்கியிருந்தார். வசதியுள்ள வேறோர் ஆய்வுகூடத்தில் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி வழுக்கிகளைக் கொண்டுபோனார். படங்கள் தன் கண்ணில் காட்டப்படவேயில்லை என்று கோத்தியே பின்னர் எழுதினார். அதே வருடம் ஓகஸ்ட் மாதத்தில் கனடாவின் மொன்றியலில் நடந்த பிறப்புரிமையியல் மாநாட்டுக்குப் போயிருந்த லெஜேன், இந்த முடிவைப்பற்றி அங்கே பேசினார். அது தனக்குத் தெரியாமல் நடந்தது என்பது கோத்தியேயின் வாக்குமூலம். 1959 ஜனவரி 26 ஆம் திகதி விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் கட்டுரை வந்தது. முதலாவது பெயர் லெஜேன். கடைசிப் பெயர், வழக்கப்படி, தலைவர் துர்ப்பன். நடுவில் கோத்தியே. அதிலும் அவரது குடும்பப் பெயருக்குள் இல்லாத ஓர் எழுத்து நுழைந்து, பெயர் பிழையாக அச்சாகியிருந்தது.

அகதி அட்டையில் தகப்பன் பெயர் தன் பெயராகவும் தன் பெயர் குடும்பப் பெயராகவும் மாறி, நடுவில் இரண்டெழுத்துத் தொலைந்துபோன ஒருவன் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் என்ன ஆகும் என்று எமக்குத் தெரியும். தபாற்கந்தோரில், வங்கியில், பிள்ளையின் பிறப்புப் பதிவில், ஒவ்வொரு இடத்திலும் 'இது நான்தான்' என்று நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லெஜேனுக்கு 1962 இல் அமெரிக்காவில் கென்னடிப் பரிசு கிடைத்தது. 1964 இல் பரிஸ் மருத்துவ பீடத்தில் பிறப்புரிமையியலுக்கான பேராசிரியர் கதிரை அவருக்கு அமைந்தது. கோத்தியே அந்த அறையை விட்டு வெளியேறி, தான் முதலில் படித்த சிறுவர் மருத்துவத்துக்கே திரும்பினார். பிசேத்ர் மருத்துவமனையில் குழந்தைகளின் ஈரல் நோய்கள் பற்றிய ஆய்வில் தன் மீதிக் காலத்தைச் செலவிட்டார். ஐம்பது வருடங்கள் அவர் பகிரங்கமாகப் பேசவில்லை. கண்டுபிடிப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், 2009 இல், ஒரு பிரெஞ்சு மருத்துவ சஞ்சிகையில் தன் பக்கத்தை எழுதினார். அப்போது அவருக்கு 83 வயது. லெஜேன் 1994 இலேயே இறந்துவிட்டிருந்தார்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். லெஜேனின் பெயரிலுள்ள மன்றம், அவரது ஆய்வுக் குறிப்பேட்டையும் கடிதங்களையும் ஆதாரமாகக் காட்டி, 47ஐ எண்ணி அதன் பொருளை உணர்ந்தவர் லெஜேனே என்று வாதிடுகிறது. லெஜேன் ஒன்றும் செய்யாதவர் என்று எவரும் சொல்லவில்லை. நல்ல படத்தை எடுத்ததும் அதை உலகத்தின் முன் வைத்துப் பேசியதும் உழைப்புத்தான். ஆனால் 2014 ஜனவரி 31 ஆம் திகதி போர்தோ நகரில் நடந்ததை எந்த வாதத்தாலும் மெழுகிவிட முடியாது. அங்கே நடந்த பிறப்புரிமையியலாளர் மாநாட்டில் கோத்தியேக்குப் பரிசு கொடுத்து, அவரைப் பேசவைக்க ஏற்பாடாகியிருந்தது. மன்றம் நீதிமன்ற அனுமதியோடு, அவர் பேசுவதைப் பதிவு செய்ய நீதிமன்ற அலுவலர்களை அனுப்பியது. மாநாட்டுக்காரர் பயந்து பேச்சை இரத்துச் செய்தார்கள். 88 வயதுப் பெண்ணுக்குப் பரிசு ஆரவாரமில்லாமல் ஒதுக்கமாகக் கொடுக்கப்பட்டது.

அதே வருடம், பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் அறவியல் குழு தன் கருத்தை வெளியிட்டது. கலவளர்ப்பு முறை இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்க முடியாது. அந்த முறையைக் கொண்டுவந்தவர் கோத்தியே. லெஜேனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே அதன் சாரம். பேச்சைத் தடுக்க எடுத்த முயற்சியே அவரது பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கணினித் திரையில் தேடுபவர்களுக்கு மார்த் கோத்தியே அகப்படத் தொடங்கினார்.

இது ஒருத்தியின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. பெண்களின் ஆய்வு அருகில் நின்ற ஆண்களின் கணக்கில் சேர்ந்துவிடும் இந்த வழக்கத்துக்கு, அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்கிரட் றொசிற்றர் 1993 இல் 'மற்றில்டா விளைவு' என்று பெயர் வைத்தார். மற்றில்டா ஜோஸ்லின் கேஜ் என்பவர் 19 ஆம் நூற்றாண்டிலேயே பெண் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எழுதி, பின்னர் தானும் மறக்கப்பட்டவர். எம்மவர்கள் சாவிக்கோர்வைக்கு வாங்கி ஊருக்கு அனுப்பும் இந்த ஈபிள் கோபுரத்திலேயே 72 விஞ்ஞானிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 72 பேரும் ஆண்கள். மீள்சக்தி பற்றிய கணிதத்துக்காக 1816 இல் விஞ்ஞானக் கழகத்தின் பரிசை வென்ற சோஃபி ஜெர்மென் அந்த வரிசையில் இல்லை. பெண்களின் பெயர்களையும் சேர்க்கும் முயற்சியை பரிஸ் நகரசபை தொடங்கியது 2025 இல்தான். கோபுரம் எழும்பி 136 வருடங்களுக்குப் பிறகு!

புதிய ஊடகம் வந்தால் பழைய அநியாயம் தானாகவே போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு 2018 ஒரு பாடம். அந்த வருடம் மே மாதத்தில் டொனா ஸ்ற்றிக்லண்ட் என்ற கனடியப் பௌதிகவியலாளரைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒருவர் எழுதிய கட்டுரை, போதிய ஆதாரம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. ஒக்ரோபர் 2 ஆம் திகதி அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மரி கியூரி (1903), மரியா கோபேர்ட் மேயர் (1963) ஆகியோருக்குப் பிறகு அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அவரோடு பரிசைப் பகிர்ந்த பிரெஞ்சுக்காரர் ஜெரார் மூருவுக்குப் பல வருடங்களுக்கு முன்பே அங்கே பக்கம் இருந்தது.

நிராகரித்தவரை மட்டும் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. அந்தக் கலைக்களஞ்சியம், வேறெங்கோ ஏற்கெனவே எழுதப்பட்டதையே ஆதாரமாக ஏற்கும். பத்திரிகை அவளைப் பற்றி எழுதியிருக்காது. பரிசுக்குழு அவளை அழைத்திருக்காது. ஆகவே ஆதாரம் இல்லை. ஆகவே பக்கமும் இல்லை. பக்கம் இல்லாதவளைப் பத்திரிகைக்காரனும் தேடிக் காணமாட்டான். பழைய மௌனமே புதிய மௌனத்துக்குச் சாட்சியாகிறது. லண்டனின் இம்பீரியல் கல்லூரிப் பௌதிகவியலாளரான ஜெஸ் வேட், 2018 இலிருந்து இரவு நேரங்களில் குந்தியிருந்து, இப்படி விடுபட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆயிரத்துக்கும் மேலாக எழுதியிருக்கிறார். தனக்கு முன்னால் யாராவது ஓரிடத்தில் ஏதாவது எழுதி வைத்திருந்தால்தான் அவராலும் எழுதமுடியும். 83 வயதில் கோத்தியே எழுதிய சில பக்கங்களின் பெறுமதி அதுதான். அவற்றை எழுதாமல் அவர் இறந்திருந்தால் நாங்கள் இன்றும் பழைய கொப்பியைத்தான் பாடமாக்கிக்கொண்டிருப்போம்.

இனி எங்கள் பக்கம் திரும்புவோம். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படிப்பித்து, கோயம்புத்தூரில் கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், சி. டி. டார்லிங்ரனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை நூலை 1945 இல் வெளியிட்டவர். இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த எனக்கு அவரது பெயர் தெரியவந்தது இங்கே வந்த பிறகு. நாங்கள் தினமும் திரையில் பார்க்கும் மரண அறிவித்தல்களையே எடுங்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்தியபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் அனுப்பிய ரீச்சர் ஒருவர் காலமாகிறார். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மைத்துனியும் என்று ஒரு பந்தி நிறைய உறவுகள். அவரது முப்பது வருட உழைப்போ அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: (ஓய்வுபெற்ற ஆசிரியை). முப்பத்தோராம் நாள் கல்வெட்டிலும் தேவாரத்துக்கும் குடும்ப மரத்துக்கும் பிறகு இடம் மிஞ்சுவதில்லை. நாளைக்கு ஒருவர் அவரைப்பற்றி எழுத வந்தால் ஆதாரத்துக்கு எங்கே போவார்?

இப்போது என் கணக்கு.

2007 இல், ஊரில், இரண்டாம் வருடச் செய்முறை வகுப்பு. வெங்காய வேர்நுனியில் இழையுருப்பிரிவைக் காட்டவேண்டும். இருவர் இருவராகச் செய்வது. என்னோடு சேர்த்துவிடப்பட்டவள் என்னைவிட அமைதியானவள், என்னைவிடக் கெட்டிக்காரி. வேரை எந்த நேரத்தில் வெட்டுவது, அமிலத்தில் எவ்வளவு நேரம் விடுவது, மூடுவழுக்கியைப் பெருவிரலால் எவ்வளவு அழுத்துவது என்பதையெல்லாம் வாரக்கணக்காகப் பழுதாக்கிப் பழுதாக்கிப் பிடித்துக்கொண்டவள் அவள். நான் பக்கத்தில் நின்று படம் கீறினேன். ஒரு நாள் பதினாறு நிறமூர்த்தங்களும் தனித்தனியாகத் தெரிந்த வழுக்கி ஒன்று வந்தது. அவள் கை கழுவப் போயிருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, தம்பியின் வழுக்கியைப் பாருங்கள் என்றார். நான் வாய் திறக்கவில்லை. அவள் திரும்பிவந்து வரிசையின் கடைசியில் நின்று, தன் வழுக்கியைத் தானும் குனிந்து பார்த்தாள். வெளியே வரும்போது சொன்னாள்: "பரவாயில்லை. அடுத்தமுறை பேரை எழுதி ஒட்டுவம்."

அடுத்தமுறை வரவில்லை. நிலைமை மோசமாகி வகுப்புகள் குழம்பின. 2008 இல் நான் புறப்பட்டுவிட்டேன். அவள் படிப்பை முடித்து இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள்.

கோத்தியேயைப் பற்றி வாசித்த வருடம் அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துக் கதைத்தேன். பதினைந்து வருடம் கழிந்திருந்தது. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு நாக்குக் குழறியது. கேட்டேன். "இருக்கு. அண்டைக்குப் பின்னேரம் பஸ் இல்லாமல் நடந்து போனனான்" என்றாள். பஸ் இல்லாததுதான் ஞாபகமாம்! நான் நம்பவில்லை. இதை எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "ஒரு வழுக்கிக்கு இவ்வளவு பெரிய கதையோ? என்ரை பேர் வேண்டாம்" என்று மறுத்துவிட்டாள். அது அவளுடைய உரிமை. ஒருத்தி தன் பெயரை வேண்டாம் என்று சொல்வதும், இன்னொருவன் அதைச் சொல்லாமல் விடுவதும் ஒன்றல்ல. ஆகவே பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன்.

மற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெரியம்மாமார், ரீச்சர்மார், யுத்த காலத்தில் மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கில் இரத்தம் சோதித்த பெண்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, என்ன படித்தீர்கள், எதைச் செய்தீர்கள், எந்த வருடம் என்று கேட்டு எழுதி, திகதி போட்டு, ஏதாவது ஒரு சஞ்சிகைக்கு அனுப்புங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003 இலிருந்து இருக்கிறது. அதில் எழுதுவதற்கும் யாரோ முதலில் ஓரிடத்தில் அச்சில் எழுதியிருக்கவேண்டும். பெரிய கெட்டிக்காரத்தனம் தேவையில்லை. பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினால் போதும்.

2007 ஆம் ஆண்டு அந்த வகுப்பில் எல்லோரும் குனிந்து பார்த்த வழுக்கி என்னுடையதல்ல. நான் அதைக் கொண்டுபோனவன் மட்டுமே.